வியன்னாவில் ஏழு நாள், அதில் பாஸ்போர்ட் இல்லாமல் நாலு நாள்

ஏப்ரல் 15, 2024, திங்கள்

விமான நிலையத்துக்கு அக்கா மகள் வரவில்லை. மாப்பிள்ளைதான் வந்திருந்தார், கையில் எனக்காக ஒரு பழைய கோட்டு. "ஒரு கூட்டம் இழுத்துக்கிட்டே போகுது அத்தை, ராத்திரி வந்துடுவா" என்றார். வாரம் முழுக்க இதையேதான் கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அவள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நம் தூதரகத்தில் இரண்டாம் செயலர். ஐ.எஃப்.எஸ்., அதாவது வெளியுறவுப் பணித் தேர்வு, தேறியபோது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். தூதரக வேலை என்றால் பட்டுப்புடவை, கைகுலுக்கல், மேசையில் குட்டிக் கொடி இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு வேறென்ன தெரியும்? தூது என்றால் அன்னம், கிளி, மேகம், அப்புறம் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை.

வீடு மூன்றாம் வட்டாரத்தில். சுற்றிலும் தூதரகங்கள். நிற்கிற கார்களில் பாதி 'டபிள்யூ டி' என்று தொடங்கும் நம்பர் பலகை. வியன்னாவில் அது தூதரக வண்டி என்று அர்த்தமாம். வீட்டுக்குள் ஒரு மூலையில் ஒட்டிய டேப் பிரிக்காத அட்டைப்பெட்டி. என்ன என்று கேட்டேன். ஏழு வயதுப் பேத்தி சொன்னாள்: "அது அடுத்த ஊருக்கு, ஆச்சி." மூன்று வருடத்துக்கு ஒரு நாடு என்பதால் அவள் ஒரு பெட்டியைப் பிரிப்பதே இல்லை.

மாப்பிள்ளை சென்னையில் நல்ல வேலையில் இருந்தவர். அந்தந்த நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இருந்தால்தான் துணையாகப் போகிறவர் அங்கே வேலை பார்க்க முடியும். இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ரசம் என் அக்கா வைப்பதைவிட நன்றாக இருந்தது. அக்காவிடம் சொல்லப்போவதில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாவடு ஜாடியிடம் போனாள். அதற்கப்புறம்தான், "எப்படி இருக்கீங்க சித்தி?"

ஏப்ரல் 16, செவ்வாய்

கூட்டிப்போகிறேன் என்றவளுக்குக் காலை எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது. தனியாகக் கிளம்பினேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெல்வெடேர் அரண்மனை. டிக்கெட் நம் காசில் ஆயிரத்தைந்நூறைத் தாண்டியது. கூட்டமெல்லாம் கிளிம்ட் வரைந்த முத்தப் படத்தின் முன்னால். நான் போனது பளிங்கு மண்டபத்துக்கு, காபி குடிக்கும்போது இவள் சொன்ன கதைக்காக.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பத்து வருடம் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ் நாலு பேரும் ஆஸ்திரியாவைப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். 1953இல் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபர், சுவிட்சர்லாந்துக்கு வந்திருந்த நேருவைப் பார்த்து, சோவியத்திடம் எங்களுக்காகப் பேசுங்கள் என்று கேட்டார். மாஸ்கோவில் அப்போது நம் தூதர் கே. பி. எஸ். மேனன். அவர் போய் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவிடம் பேசினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1955 மே 15 அன்று, இந்த மண்டபத்தில்தான் ஆஸ்திரியாவை மறுபடி சுதந்திர நாடாக்கிய ஒப்பந்தம் கையெழுத்தானது. "மேனன் பேசினதாலதான் நடந்ததா?" என்று கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது சித்தி. எங்க வேலையிலே பாதி அப்படித்தான்" என்றாள்.

வெளியே வந்து சாலையைக் கடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை, சிக்னல் மட்டும் சிவப்பு. எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பாட்டி என்னைப் பார்த்து ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். ஒரு சொல் புரியவில்லை, பொருள் முழுக்கப் புரிந்தது.

சாப்பாடு கைசர்ஷ்மார்ன். முட்டை போட்ட தடித்த தோசையைக் கொத்துபரோட்டா மாதிரி பிய்த்துப்போட்டு, மேலே சர்க்கரை தூவி, கூடவே பிளம்ஸ் வேகவைத்த கூழ் தருகிறார்கள். ராஜா பெயரை வைத்துக்கொண்டு ஏன் பிய்த்துப் போடுகிறார்களோ. தட்டைக் காலி செய்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ராத்திரி செய்தியில் துபாய் வெள்ளம். 1949இல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து அங்கே காணாத மழையாம், விமான நிலையத்துக்குள்ளேயே தண்ணீர். நான் அந்த வழியாக வந்து ஒரு நாள்தான் ஆகிறது. "தப்பிச்சேன்" என்றேன். அவள் அவசர உதவிக்கான கைபேசியை எடுத்துச் சார்ஜில் போட்டாள். அதை ஆள் மாற்றி ஆள் வைத்துக்கொள்வார்களாம், இந்த வாரம் இவள் முறை.

ஏப்ரல் 17, புதன்

இரவு ஒன்றரைக்கு முதல் மணி. அப்புறம் இரண்டேகாலுக்கு, மூன்று மணிக்கு, நாலு பத்துக்கு. துபாய் வழி ஊருக்குப் போக வேண்டியவர்கள் வியன்னாவிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு விசா நாளையோடு முடிகிறது. ஒரு அம்மாவின் சர்க்கரை மாத்திரை, செக்-இன் செய்த பெட்டிக்குள் போய்விட்டது. இன்னொருவர் விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். அவருக்கும் அதே குரலில்தான் பதில் சொன்னாள். நானாக இருந்தால் இரண்டு கேட்டிருப்பேன்.

காலையில் என்னை ஐ.நா. வளாகத்துக்குக் கூட்டிப்போனாள். யூ 1 மெட்ரோவில் டானூப் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடுகிறது. 1979இல் திறந்த, வளைந்து வளைந்து போகும் கோபுரக் கட்டடங்கள். ஆஸ்திரிய அரசு இதை 99 வருடத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது, வருடத்துக்கு ஒரு ஷில்லிங். இன்றைய கணக்கில் ஏழு சென்ட். வியன்னாவில் வேறெதுவும் அந்த விலைக்குக் கிடையாது. உள்ளே போகப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்பதால் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு போனேன். இது முக்கியம்.

சர்வதேச அணுசக்தி முகமை, போதைப்பொருள்–குற்றத் தடுப்பு அலுவலகம் எல்லாம் இங்கேதான். அதனால் வியன்னாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இரட்டை வேலை. ஆஸ்திரியாவோடு உறவு ஒரு பக்கம், ஐ.நா. கூட்டங்கள் இன்னொரு பக்கம். வழிகாட்டிப் பெண்ணோடு நான் சுற்றி முடித்தபோது இவள் ஒரு வாசலில் நின்றபடி பிரெட்செல் கடித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு அதுதானாம்.

"காலையிலேருந்து என்ன பேசினீங்க?"

"ஒரு சொல்லு, சித்தி."

அடுத்த மாதக் கூட்டத்துக்கான தீர்மான வரைவு. ஓர் அறிக்கையை 'வரவேற்கிறது' என்று எழுதலாமா, 'கவனத்தில் கொள்கிறது' என்று எழுதலாமா என்று ஐந்து நாட்டுக்காரர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னது சம்மதம் மாதிரி. பின்னது, 'படித்தோம், அவ்வளவுதான்'. முடிவாகாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்துவிட்டு அவரவர் தலைநகரத்தைக் கேட்பார்களாம். இவள் டெல்லி பதிலுக்குக் காத்திருந்தாள். சந்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று பள்ளி ஆசிரியர் அறையில் நாங்கள் போட்ட சண்டைகள் ஞாபகம் வந்தன. ஆனால் எங்களை யாரும் வியன்னாவுக்கு அனுப்பவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் நகரத்துக்குத் திரும்பி ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். மெலாஞ்ச் என்ற பால் காபி 5 யூரோ 80 சென்ட், ஐந்நூறு ரூபாய்க்கு மேலே. வெள்ளித் தட்டில் காபி, பக்கத்தில் தண்ணீர், தம்ளர் மேலே குப்புறக் கவிழ்த்த ஸ்பூன். பரிமாறுகிறவர் சிரிக்கவே மாட்டார், ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று ஒரு பார்வை கிடையாது. இந்த நாட்குறிப்பை அங்கேதான் எழுதத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது முறுக்குத் துகள், மூக்குக்கண்ணாடி, குடை எல்லாம் விழுந்தன. பாஸ்போர்ட் விழவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

நேற்றிரவே மெட்ரோவிலும் வந்த வழியிலும் தேடியாயிற்று. அழுகை வந்தது. அதைவிட அவமானம்தான் அதிகம். தூதரக அதிகாரி வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டைத் தொலைத்த சித்தி!

"நீதான் இருக்கியே, ஒண்ணு அடிச்சுக் கொடுத்துடேன்" என்று பாதி விளையாட்டாகச் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் உங்க காகிதத்தைத் தொடவே மாட்டேன் சித்தி. நாளைக்கு வரிசையிலே வாங்க. வேற ஒருத்தர் பார்ப்பார்."

கொஞ்சம் வலித்தது. மறைக்கவில்லை.

காவல் நிலையத்தில் மாப்பிள்ளை ஜெர்மன் பேசினார். மனைவிக்கு அரசாங்கம் சொல்லிக்கொடுத்த மொழி. இவர் யூடியூபில் கற்றது. இவள் பணியில் சேர்ந்ததும் ஜெர்மன் ஒதுக்கினார்களாம். அதில் தேர்வு எழுதித் தேறினால்தான் வேலை நிரந்தரம். இளம் காவலர் பொறுமையாகத் தட்டச்சு செய்தார். பையின் நிறம் கேட்டார். பலாப்பழ மஞ்சள் என்பதை மாப்பிள்ளை எப்படிச் சொன்னாரோ தெரியாது. புகார்ச் சீட்டு கிடைத்துவிட்டது.

மனசு சரியில்லை, வெளியே ஊசிக் காற்று வேறு. போன வாரம் வரை வெயில் கொளுத்தியது என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கென்று குளிர் திரும்பியிருந்தது. ஹோஃப்பர்க் அரண்மனைக்குள் ஒதுங்கினேன். நாள் பார்த்துப் போகவில்லை, தற்செயல்தான்: தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம் கையெழுத்தானது 1961இல் இதே ஏப்ரல் 18. அதற்கான மாநாடு இந்த அரண்மனையின் புதுப் பகுதியில்தான் நடந்தது. 81 நாடுகள், ஆறு வாரம், கடைசியில் 53 பிரிவுகள். தூதரைக் கைது செய்யக் கூடாது, தூதரகத்துக்குள் தூதரைக் கேட்காமல் உள்ளூர் போலீஸ் நுழையக் கூடாது, தூதரகத் தபால் பையைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் இதில்தான் இருக்கின்றன. தூதர் உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. நம் தூதரக வாசலைத் தாண்டினால் இந்திய மண் என்று இத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தப்பாம். மண் ஆஸ்திரியாவுடையதுதான், அனுமதியில்லாமல் நுழையத்தான் முடியாது. என் பழைய மாணவர்கள் மன்னிக்க.

அதே கட்டடத்தில் இப்போது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசர்களின் ஆயுதச்சாலை. வரிசை வரிசையாகக் கவசங்கள், வாட்கள், ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று. எனக்கு ஔவைதான் ஞாபகத்துக்கு வந்தாள். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டிப் பெருமைப்பட்டபோது, உன் ஆயுதமெல்லாம் நெய் பூசிப் பளபளப்பாக இருக்கிறது, அதியமானுடையதோ முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கிறது என்றாளே. புகழ்வது மாதிரி குத்துவது. உலகத்துத் தூதர்களெல்லாம் கூடிச் சட்டம் எழுதிய இடத்தில் ஆயுதச்சாலை இருப்பதைப் பார்த்தால் கிழவி இன்னொரு பாட்டு பாடியிருப்பாள்.

மாலையில் ஒரு நாட்டின் வரவேற்பு. என்னையும் அழைத்துப்போனாள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. பட்டுப்புடவை, கைகுலுக்கல், குட்டிக் கொடி மூன்றும் இருந்தன. நான் நினைத்த படம் கடைசியில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பழச்சாறு தம்ளரை இடது கையிலேயே வைத்திருந்தாள். வலது கை ஈரமாகவோ சில்லென்றோ இருந்தால் கைகுலுக்க நன்றாக இருக்காதாம். நேற்று சொல்லுக்காக மல்லுக்கட்டிய நாட்டுக்காரர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் மகளின் பியானோ வகுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். ஒரு மணி நேரத்தில் இருபது பேர். வீட்டுக்கு வந்து தயிர்சாதத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்துவிட்டாள், யார் என்ன சொன்னார்கள் என்று டெல்லிக்கு எழுத.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, 39 தொகுதிக்கும் ஒரே நாள். தேதி அறிவிக்கும் முன்பே டிக்கெட் போட்டுவிட்டேன். வாக்குரிமை வந்ததிலிருந்து விட்டதில்லை. விரலில் மை இல்லாத ஏப்ரல்.

இவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே போட்டுவிட்டார்களாம். வெளிநாட்டில் பணியில் இருக்கும் அரசு ஊழியருக்கு வாக்குச்சீட்டு மின்வழியில் வரும். அச்செடுத்து, குறியிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். முன்பு ஆண் அதிகாரியின் மனைவிக்கு மட்டும்தான் இந்த வசதி, பெண் அதிகாரியின் கணவனுக்குக் கிடையாது. 2021இல்தான் சட்டத்தில் 'மனைவி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வாழ்க்கைத்துணை' ஆக்கினார்கள். அதைச் சொல்லும்போது இவள் முத்தம்மாவைப் பற்றியும் சொன்னாள். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண், குடகுக்காரர், மெட்ராசில் படித்தவர். கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், தேவைப்பட்டால் ராஜினாமா கேட்பார்கள் என்று அப்போது பெண்களுக்கு மட்டும் விதி. 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போனார். மாப்பிள்ளை குக்கரை இறக்கிக்கொண்டே, "அவங்க இல்லேன்னா நான் இங்க ரசம் வைக்க முடியுமா அத்தை?" என்றார்.

தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலைகளைப் பார்க்கும் கான்சுலர் பிரிவில் என் டோக்கன் 14. வீட்டில் எனக்குத் தோசை வார்த்துப் போட்டவளின் அலுவலகம், ஆனால் நான் பதினாலாவது ஆள். முன்னால் ஒரு பஞ்சாபிப் பையன், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சட்டையோடு, பாஸ்போர்ட் புதுப்பிக்க. ஊரில் அப்பா நிலத்தை விற்க அதிகாரப் பத்திரம் வேண்டி ஒரு மாணவி. பக்கத்தில் எழுபது வயது மலையாள அம்மா, எழுபதுகளில் நர்சாக வந்து இங்கேயே ஓய்வு பெற்றவர். ஆஸ்திரியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையில் இருக்கிறார். "ஒப்படைச்ச அன்னைக்கு நான் அழுதேன் டீச்சரே. நீங்க தொலைச்சதுக்கு அழறீங்க" என்று சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார். வரிசையில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம்.

என் கவுன்டர் அதிகாரி இரண்டு தடவை பாதியில் எழுந்து போனார். மூன்றாவது தடவை வந்தபோது மன்னிப்புக் கேட்டார். சுற்றுலா வந்த இடத்தில் ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தடையில்லாக் கடிதம், விமான சரக்குப் பதிவு. எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் போகும். பணமில்லாத குடும்பம் என்றால் 2009இல் தொடங்கிய சமூக நல நிதியிலிருந்து கொடுக்கலாமாம். ஊரில் இருக்கும் மகனிடம் போனில் பேசிவிட்டு வந்த முகத்தோடுதான் அவர் என் படிவத்தில் தந்தை பெயரின் எழுத்தைச் சரிபார்த்தார். அதற்கப்புறம் என் பாஸ்போர்ட் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பழைய பாஸ்போர்ட்டின் நகல் என் மகளின் வாட்ஸ்அப்பில் இருந்தது. அது இருந்ததால் வேலை சுலபமானது. வெளியூர் போகிறவர்கள் இதை மட்டும் செய்துவையுங்கள். மாலையில் அவசரச் சான்றிதழ் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு மட்டும், ஒரு தடவை மட்டும் போகலாம். தாழ்வாரத்தில் அக்கா மகள் எதிரே வந்தாள். "வேலை முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டுவிட்டு நடந்துகொண்டே சிரித்தாள்.

ஏப்ரல் 20, சனி

விடுமுறை. அதாவது மற்றவர்களுக்கு. நாளை டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், திங்கட்கிழமை விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று. பேத்தி லெகோ பொம்மைகளை நாற்காலியாக அடுக்கிக்கொடுத்தாள். மஞ்சள் தொப்பி ஆஸ்திரியத் தரப்பு, சிவப்பு நாம்.

இதிலென்ன இவ்வளவு கவலை என்று கேட்டுவிட்டேன். 1661இல் லண்டனில் பிரெஞ்சுத் தூதரின் வண்டி முன்னால் போவதா, ஸ்பானியத் தூதரின் வண்டி முன்னால் போவதா என்று நடுத்தெருவில் வெட்டுக்குத்தாகி ஆட்கள் செத்தார்களாம். நம்மூர்த் தேர்வடத்தில் யாருக்கு முதல் மரியாதை என்பதே இதைவிடச் சாதுவான விஷயம். இதே வியன்னாவில்தான் 1815இல் அதற்கு முடிவு கட்டினார்கள்: நாடு பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டாம், எந்தத் தூதர் முதலில் வந்து சேர்ந்ததை முறையாகத் தெரிவித்தாரோ அவருக்கு முன்னிடம். அறுபத்தொன்றின் ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய அதேதான். பேத்தி கேட்டாள்: "அப்போ முதல்ல வர்றவங்களுக்கு முதல் சீட்டா? எங்க ஸ்கூல் பஸ் மாதிரி?"

மதியம் மழை. மாப்பிள்ளை சாக்கர் என்ற சாக்லேட் கேக் வாங்கித் தந்தார். 1832இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்காகப் பதினாறு வயதுச் சமையல் பயிற்சிப் பையன் செய்தது என்று கதை. இரண்டு கடைகள் அசல் யாருடையது என்று வருடக்கணக்காகக் கோர்ட்டில் நின்றனவாம். எனக்குக் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. பக்கத்தில் வைக்கும் கிரீம் இல்லாமல் தொண்டையில் இறங்காது.

நாலு மணிக்குப் போன். அந்தக் காப்பிக் கடையில் நான் உட்கார்ந்த மெத்தைப் பலகையின் இடுக்கில் பாஸ்போர்ட் இருந்ததாம். சிரிக்காத அந்தப் பரிமாறுகிறவர் உள்ளே நான் செருகியிருந்த மாப்பிள்ளையின் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ஓடிப்போய் வாங்கினோம். இனாம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து வெற்றியோடு நீட்டினேன்.

"தொலைஞ்சதுன்னு பதிவாயிடுச்சு சித்தி. இனி அது செல்லாது. ஒப்படைச்சுடணும்."

"கையிலே இருக்கே!"

"இருக்கு. ஆனா இல்ல."

ஏப்ரல் 21, ஞாயிறு

கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. விமான நிலையத்துக்கு இந்தத் தடவை அவளே வந்தாள். பெருமையாக இருந்தது, குழு இறங்கும் நேரமும் என் விமான நேரமும் ஒன்று என்று வழியில் தெரியும் வரை. பின் இருக்கையில் பெயர்ப்பட்டியல், பூங்கொத்து, யாருக்கோ வாங்கிய தொண்டை மாத்திரை, என் மாவடு ஜாடி. காலிதான். கழுவிக் கொடுத்தனுப்புகிறாள்.

துபாய் வழியில் இன்னும் தாமதம் இருக்கலாம் என்றார்கள். கவுன்டர் பெண் என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு யாரையோ கூப்பிட்டாள், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அக்கா மகள் பின்னால் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் கழித்துப் போகச் சொன்னார்கள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"காகிதம் சரியா இருந்துச்சே சித்தி."

என்னைக் கட்டிக்கொண்டாள், அதே கையால் கைபேசியைப் பார்த்தாள். விமானம் இறங்கிவிட்டது. உயரக் குதிகால் செருப்பைப் பையிலிருந்து எடுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று மாட்டினாள். வருகை வாசலைப் பார்த்து வேகமாக நடந்தவளைக் கூப்பிட்டு, தலையில் ஒட்டியிருந்த லெகோவின் மஞ்சள் தொப்பியை எடுத்துவிட்டேன்.